வீட்டில் கார் சார்ஜ் செய்ய எது சரி: 15 ஆம்பியர் பாயின்ட்டா, 7.2 கிலோவாட் வால்பாக்ஸா?

மின்சாரக் கார் புக் செய்யப் போனால், நிறம், வேரியன்ட் எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு கேள்வி வரும்: "வீட்டுக்கு சார்ஜர் எது சார், 3.3-ஆ, 7.2-ஆ?" 3.3 கிலோவாட் என்பது சாதாரண 15 ஆம்பியர் பாயின்ட்டில் செருகுவது, 7.2 கிலோவாட் என்பது சுவரில் மாட்டும் வால்பாக்ஸ். பெரும்பாலானவர்கள் பெரிய எண்ணையே சொல்லிவிடுவார்கள். லட்சக்கணக்கில் கொடுத்துக் கார் வாங்கும்போது இதில் போய் மிச்சம் பிடிப்பானேன் என்ற எண்ணம்தான். ஆனால் அந்த இடத்தில் நம்மிடம் யாரும் கேட்காத இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள்? உங்கள் வீட்டு எர்த் எப்படி இருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எந்த சார்ஜர் என்பது தானாக முடிவாகிவிடும்.

தமிழ்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நம் ஊர் சிங்கிள் பேஸ், த்ரீ பேஸ் இணைப்பு, இரண்டு மாதத்துக்கு ஒரு பில், மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் கார் பார்க்கிங் எல்லாமே இந்த முடிவில் பங்கு வகிப்பவை.

முதலில் கணக்கு

கிலோவாட் என்பது கரண்ட் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதன் அளவு. யூனிட், அதாவது கிலோவாட் மணி, மொத்தம் எவ்வளவு போனது என்பதன் அளவு. 3 கிலோவாட் வேகத்தில் ஒரு மணி நேரம் சார்ஜ் செய்தால் 3 யூனிட். காரின் பேட்டரியைச் சொல்வதும் இதே யூனிட்டில்தான். 45 கிலோவாட் மணி பேட்டரி என்றால் 45 யூனிட் பிடிக்கும்.

நம் ஊரில் ஓடும் நடுத்தர அளவு மின்சாரக் கார்கள் ஏசி போட்டு, டிராஃபிக்கில் ஓட்டினால் ஒரு யூனிட்டுக்கு 6 முதல் 7 கிலோமீட்டர் வரை தரும். தினமும் அலுவலகம் போய்வர 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியில் குறைவது 6 யூனிட் சொச்சம். சார்ஜ் ஆகும்போது வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் ஏறத்தாழ 7 யூனிட் ஓடும். சாதாரண 15 ஆம்பியர் பாயின்ட்டில் மணிக்கு 3 யூனிட் ஏறும் என்றால், இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். அவ்வளவுதான்.

ஷோரூமில் சொல்லும் "15 ஆம்பியரில் போட்டால் 15 மணி நேரம் ஆகும்" என்ற வாசகம் பேட்டரி முழுக்கக் காலியாக இருந்து முழுக்க நிறைய ஆகும் நேரம். வீட்டில் யாரும் தினமும் பூஜ்யத்திலிருந்து ஏற்றுவதில்லை. இரவு 10 மணிக்குச் செருகி காலை 6 மணிக்கு எடுத்தால் 8 மணி நேரம், 24 யூனிட். அது ஏறத்தாழ 140 கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் காணும். தினமும் 140 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பங்கள் நம்மில் எத்தனை?

இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேட்டரி எவ்வளவு பெரியது என்பதைப் பார்த்து சார்ஜரைத் தேர்ந்தெடுப்பதுதான் பலரும் செய்வது. பார்க்க வேண்டியது பேட்டரியை அல்ல, தினசரி ஓட்டத்தை. 79 கிலோவாட் மணி பேட்டரி உள்ள பெரிய காராக இருந்தாலும், தினமும் 30 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றால் இரவில் நிரப்ப வேண்டியது அந்த 30 கிலோமீட்டர் அளவுக்குத்தான்.

சுவரிலிருந்து கார் வரை என்ன நடக்கிறது

வீட்டுக்கு வருவது ஏசி, அதாவது மாறுதிசை மின்சாரம். பேட்டரியில் ஏறுவது டிசி, அதாவது நேர்த்திசை மின்சாரம். ஏசியை டிசியாக மாற்றும் வேலையைச் செய்யும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு ஆன்போர்டு சார்ஜர் என்று பெயர். சுவரில் மாட்டும் வால்பாக்ஸ் எதையும் மாற்றுவதில்லை. அது பாதுகாப்பாக இணைத்துத் துண்டிக்கும் ஒரு புத்திசாலி ஸ்விட்ச். கேபிளில் கரண்ட் போகும் கம்பிகளோடு மெல்லிய சிக்னல் கம்பி ஒன்றும் உண்டு. "இந்த இணைப்பில் அதிகபட்சம் இத்தனை ஆம்பியர்தான் எடுக்கலாம்" என்று பெட்டி அதன் வழியாகக் காருக்குச் சொல்லும். கார் அதற்குள் நின்றுகொள்ளும். காரோடு தரும் போர்ட்டபிள் சார்ஜரின் நடுவில் இருக்கும் சின்னப் பெட்டி செய்வதும் இதே வேலைதான்.

ஆகவே சார்ஜ் ஆகும் வேகத்துக்கு மூன்று இடங்களில் வரம்பு உண்டு: வீட்டு வயரிங், சுவரில் உள்ள பெட்டி, காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். மூன்றில் எது குறைவோ அதுதான் வேகம். 2020-இல் வந்த டாடாவின் முதல் நெக்ஸான் ஈவியில் ஆன்போர்டு சார்ஜர் 3.3 கிலோவாட் அளவுதான். அதை 7.2 பெட்டியில் மாட்டினாலும் 22 கிலோவாட் பெட்டியில் மாட்டினாலும் மணிக்கு 3 யூனிட் சொச்சம்தான் ஏறும். டாடா டியாகோ ஈவி 3.3, 7.2 என இரண்டு விதமாகவும் விற்கப்பட்டது. ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக்கில் 11 கிலோவாட் வரை எடுக்கும் வசதி இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன், நீங்கள் வாங்கும் வேரியன்ட்டின் ஆன்போர்டு சார்ஜர் எத்தனை கிலோவாட் என்று விவரக் குறிப்பில் பார்த்துவிடுங்கள்.

நெடுஞ்சாலையில் இருக்கும் வேகமான சார்ஜர் வேறு வகை. அங்கே ஏசியை டிசியாக மாற்றும் வேலை வெளியே இருக்கும் பெரிய இயந்திரத்திலேயே முடிந்து, நேராக பேட்டரிக்குப் போகும். அதை வீட்டில் வைக்கும் பேச்சே வேண்டாம்.

15 ஆம்பியர் பாயின்ட்: எளிமையானது, ஆனால் அலட்சியம் கூடாது

இதைச் சொன்னவுடன் "அப்போ கீசருக்குப் போட்ட பாயின்ட்டே போதும்" என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். இங்கேதான் கவனம் தேவை.

கீசர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும். ஏசி ஓடும், அறை குளிர்ந்ததும் இழுப்பது குறையும். கார் அப்படி இல்லை. 14, 15 ஆம்பியரை ஒரே சீராக மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும். நம் வீட்டு சாக்கெட்டுகள் பெரும்பாலும் அதற்காகப் போடப்பட்டவை அல்ல. பழைய வீடுகளில் 15 ஆம்பியர் சாக்கெட்டுக்குப் பின்னால் 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) மெல்லிய வயர் ஒளிந்திருப்பதும் உண்டு. அதிலும் பாதி வழியில் இன்னொரு பாயின்ட்டுக்குக் கிளை பிரிந்திருக்கும்.

சூடு எங்கே வரும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒழுங்கான வயர் நடுவில் சூடாவதில்லை. இணைப்புகள்தான் சூடாகும். சாக்கெட்டுக்குள் பிளக்கின் பின்னைப் பிடித்துக்கொள்ளும் பித்தளைத் தகடு நாள்பட நாள்பட தளர்ந்துவிடும். பின்னும் தகடும் சரியாகத் தொடாத அந்த இடத்தில் மின்தடை கூடும், சூடு பிறக்கும், சூட்டில் தகடு இன்னும் தளரும், அதனால் இன்னும் சூடு. இப்படியே போய் சாக்கெட்டின் வெள்ளை முகம் முதலில் வெளிர் மஞ்சளாகும், அப்புறம் பழுப்பாகும், கடைசியில் உருகும். பின்னாலுள்ள ஸ்குரூ சரியாக முறுக்கப்படாமல் இருந்தாலும் இதே கதைதான்.

எனவே காருக்கென்று தனியாக ஒரு லைன் இழுங்கள். வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் டிபி பாக்ஸிலிருந்து கிளம்பி, வழியில் எதற்கும் பிரியாமல், நேராக சார்ஜ் பாயின்ட்டுக்கு. வயர் 4 ஸ்கொயர் செம்பு. 2.5 ஸ்கொயரிலும் ஓடும் என்று எலக்ட்ரீஷியன் சொல்வார், ஓடவும் செய்யும். ஆனால் பத்து வருடம், இரவு முழுக்க, ஆள் பார்க்காத நேரத்தில் ஓடப்போகும் லைன் இது. விலை வித்தியாசம் காரின் ஒரு டயர் விலைகூட வராது. அந்த லைனுக்கு, கரண்ட் அளவு மீறினால் அணைக்கும் 20 ஆம்பியர் எம்சிபி, கரண்ட் கசிந்தால் அணைக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. சாக்கெட், தரமான கம்பெனியின் 16 ஆம்பியர் சாக்கெட்டாக இருக்க வேண்டும். நாம் 15 ஆம்பியர் பாயின்ட் என்று சொல்வது இதைத்தான். தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் நீல நிற உருளை வடிவ இண்டஸ்ட்ரியல் சாக்கெட் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் காரோடு வரும் பிளக் அதில் பொருந்தாது. பிளக்கை வெட்டி மாற்றினால் வாரன்டி போய்விடலாம் என்பதால் கம்பெனியிடம் கேட்காமல் கை வைக்க வேண்டாம்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். ஜன்னல் வழியாகக் கேபிளை விட்டு, ஸ்பைக் பஸ்டரில் செருகி கார் சார்ஜ் செய்வதைப் பல தெருக்களில் பார்க்கலாம். மின்சாரக் கார் ஆபத்தானது என்று சொல்லக் கேட்டால் எனக்கு அந்த ஸ்பைக் பஸ்டர்தான் நினைவுக்கு வரும்.

பாயின்ட் போட்ட முதல் நாள் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து பிளக்கின் மேல் கை வையுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சூடென்றால் அப்போதே டிபி பாக்ஸில் எம்சிபியை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மாதத்துக்கு ஒரு முறை இப்படித் தொட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். சார்ஜ் ஆகும் ஆம்பியரைக் குறைத்து வைக்கும் வசதி பல கார்களில் திரையிலேயே இருக்கிறது. பழைய வீட்டில், வயரிங் மேல் முழு நம்பிக்கை இல்லாத இடத்தில் 8 அல்லது 10 ஆம்பியரில் வைத்து ஏற்றுவது புத்திசாலித்தனம். நேரம்தான் கொஞ்சம் கூடும்.

எர்த்: எல்லாம் இங்கேதான் நிற்கிறது

புதுக் கார் வீட்டுக்கு வந்த முதல் இரவு, சார்ஜரைச் செருகினால் சிவப்பு விளக்கு எரியும். கார் சார்ஜ் ஆகாது. கம்பெனி சர்வீஸுக்கு ஃபோன் போடுவார்கள். பல வீடுகளில் குற்றவாளி சார்ஜரும் இல்லை, காரும் இல்லை. எர்த் சரியில்லை.

மிக்ஸி, ஃபிரிட்ஜ் எல்லாம் எர்த் இல்லாமலேயே ஓடும். அதனால் எர்த் செத்துப்போன வீடுகளில் வருடக்கணக்கில் யாருக்கும் அது தெரிவதில்லை. கார் சார்ஜர் அப்படி விடாது. முதலில் எர்த்தைச் சோதித்துவிட்டுத்தான் கரண்ட்டையே திறக்கும். கார் என்பது ரப்பர் டயர் மேல் நிற்கும் ஒரு பெரிய உலோகப் பெட்டி. உள்ளே எங்காவது கசிவு ஏற்பட்டால் அந்த உலோகம் முழுவதும் கரண்ட் பாயும். எர்த் நன்றாக இருந்தால் அந்தக் கரண்ட் பூமிக்கு இறங்கும், ஆர்சிசிபி உடனே ட்ரிப் ஆகும். இல்லையென்றால், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் திறப்பவரின் உடம்பு வழியாக இறங்கும்.

சோதிப்பது எளிது. எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் இருக்கும். பேஸுக்கும் (கரண்ட் வரும் கம்பி) நியூட்ரலுக்கும் (அது திரும்பிப் போகும் கம்பி) இடையே 230 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் ஏறத்தாழ அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அங்கே 15, 20 என்று காட்டினால் எர்த்தோ நியூட்ரலோ பலவீனம். வசதி இருந்தால் எர்த் டெஸ்டர் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு, எர்த் புதைத்த குழியின் மின்தடையை அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது.

இன்னொன்று கோடை. பழைய முறையில் உப்பும் கரியும் போட்டுப் புதைத்த எர்த் குழி, ஈரம் இருக்கும்வரைதான் வேலை செய்யும். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து வெடிக்கும்போது மின்தடை ஏறிவிடும். மார்கழியில் ஒழுங்காக சார்ஜ் ஆன கார் மே மாதம் மக்கர் செய்வதற்கு இது ஒரு காரணம். குழிக்கு வாரத்துக்கு இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுவது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த வேலைதான். காருக்கென்று புதிதாகக் குழி போடுவதாக இருந்தால் கெமிக்கல் எர்த்திங் போட்டுவிடலாம். அது அவ்வளவு சீக்கிரம் காயாது.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டுகிறது என்று கூப்பிட்டால், சில எலக்ட்ரீஷியன்கள் சாக்கெட்டைக் கழற்றி நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயரைப் போட்டு விடுவார்கள். உடனே பச்சை விளக்கு எரியும். "பாத்தீங்களா சார், ஓடிடுச்சு." அது பழுது பார்த்தது ஆகாது, சோதனையை ஏமாற்றியது. என்றாவது ஒருநாள் அந்த நியூட்ரல் வயர் எங்காவது அறுந்தால், பேஸ் கரண்ட் முழுவதும் அந்தத் துண்டு வயர் வழியாகக் காரின் உடம்புக்கு வந்துவிடும். சாக்கெட்டில் அப்படி ஒரு இணைப்பைப் பார்த்தால் சார்ஜ் செய்வதை அன்றே நிறுத்துங்கள். எர்த் போட்டுவிட்டு மறுபடி தொடங்கலாம்.

வீட்டு இன்வெர்ட்டரிலும் சின்ன ஜெனரேட்டரிலும் சார்ஜர் ஓட மறுப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அவற்றின் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்காது. தவிர, இன்வெர்ட்டரின் ஒரு பேட்டரியில் இருப்பது ஒன்று, இரண்டு யூனிட். காருக்கு அது மூலைக்குக் காணாது.

7.2 யாருக்குத் தேவை

தினமும் 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர்கள், டாக்ஸி ஓட்டுபவர்கள், வீட்டில் இரண்டு மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள், இரவு 11 மணிக்கு வந்து காலை 5 மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் யோசிக்காமல் 7.2 போடலாம். அடிக்கடி கரண்ட் போகும் ஊர்களிலும் இது உதவும். கரண்ட் இருக்கும் மூன்று மணி நேரத்தில் 20 யூனிட் ஏற்றிவிடலாம் என்பது பெரிய நிம்மதி. சில கம்பெனிகள் வால்பாக்ஸைக் காரோடு சேர்த்தே தருகின்றன. அப்படிக் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்வதற்கில்லை.

ஆனால் 7.2 என்றால் 32 ஆம்பியர். 15 ஆம்பியரைவிட இரண்டு மடங்கு சொச்சம்தானே என்று தோன்றும். ஒரு தளர்ந்த இணைப்பில் பிறக்கும் சூடோ ஆம்பியரின் வர்க்கத்துக்கு, அதாவது ஆம்பியரை அதனாலேயே பெருக்கினால் வரும் எண்ணுக்கு ஏற்பக் கூடும். அதே இணைப்பில் நான்கு மடங்குக்கு மேல் சூடு. ஆகவே இங்கே வயர் 6 ஸ்கொயருக்குக் குறையக் கூடாது. மீட்டரிலிருந்து தூரம் அதிகம் என்றாலோ, வயர் பைப்புக்குள் மற்ற வயர்களோடு நெருக்கமாகப் போகிறது என்றாலோ 10 ஸ்கொயர். 40 ஆம்பியர் எம்சிபி.

ஆர்சிசிபியில் ஒரு நுணுக்கம் உண்டு. கடையில் சும்மா கேட்டால் ஏசி டைப் என்ற விலை குறைந்த ரகத்தைத் தருவார்கள். காருக்குள் டிசி இருப்பதால் கசிவும் டிசியாக இருக்கலாம். ஏசி டைப்புக்கு அது கண்ணிலேயே படாது. குறைந்தபட்சம் ஏ டைப் வாங்குங்கள். வால்பாக்ஸுக்குள்ளேயே 6 மில்லிஆம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பி டைப் ஆர்சிசிபி வேண்டும், அது விலை அதிகம். இடி மின்னல் அதிகமுள்ள பகுதியென்றால் திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் ஒரு சர்ஜ் ப்ரொடெக்டரும் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் வீட்டு இணைப்பு. சிங்கிள் பேஸ் வீட்டில் அனுமதிக்கப்பட்ட லோடே சில கிலோவாட்தான். அதில் 7.2 மாட்டுவது முறையும் இல்லை, முடியவும் முடியாது. ஈபியில் விண்ணப்பித்து லோடைக் கூட்டி, த்ரீ பேஸாக மாற்ற வேண்டியிருக்கும். த்ரீ பேஸ் வீடுகளிலும் ஒன்றைப் பார்க்க வேண்டும். 7.2 சார்ஜர் மூன்று பேஸையும் பங்கு போட்டு எடுப்பதில்லை. முழு 32 ஆம்பியரையும் ஒரே பேஸிலிருந்து இழுக்கும். அந்த பேஸிலேயே படுக்கையறை ஏசியும் கீசரும் இருந்தால் ஃபியூஸ் போவது நிச்சயம். எலக்ட்ரீஷியனை வைத்து ஏசி, மோட்டார் போன்ற கனமான லோடுகளை மற்ற இரண்டு பேஸுக்கு மாற்றிவிடுங்கள்.

நம் வீடுகளில் பேஸ் சேஞ்சர் ஸ்விட்ச் வைத்திருப்போம். ஒரு பேஸ் போனால் எல்லாவற்றையும் இருக்கும் பேஸுக்குத் திருப்பிவிடும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் உண்டு. சார்ஜர் லைன் அந்த ஸ்விட்ச் வழியாகப் போகக் கூடாது. பாதி ராத்திரியில் யாரோ திருப்பிவிட, வீட்டு லோடும் கார் லோடும் ஒரே பேஸில் விழுந்துவிடும்.

11 கிலோவாட் சார்ஜர் மூன்று பேஸிலும் தலா 16 ஆம்பியர் எடுக்கும், அந்த வகையில் லோடு சமமாகப் பிரியும். ஆனால் காரும் மூன்று பேஸில் வாங்கும் வகையாக இருக்க வேண்டும். பெரிய பேட்டரி, நீண்ட தினசரி ஓட்டம் இரண்டும் இருந்தால் ஒழிய இதற்குச் செலவு செய்ய நான் சொல்லமாட்டேன்.

பில் எப்படி ஏறும்

மின்சாரக் கார் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் என்று விளம்பரங்கள் சொல்லும். நம் பில் முறையில் அது அப்படியே சரிவராது. தமிழ்நாட்டில் யூனிட் கூடக் கூட விலையும் கூடும். காரின் யூனிட்டுகள் எப்போதும் வீட்டு உபயோகத்துக்கு மேல் வந்து உட்காருவதால், விலை உயர்ந்த படிகளில்தான் விழும்.

இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி பில் 1,200 ரூபாய்க்குள் இருக்கும். தினமும் 40 கிலோமீட்டர் ஓடும் கார் இரண்டு மாதத்தில் 2,400 கிலோமீட்டர் ஓடி, சுமார் 410 யூனிட் எடுக்கும். மொத்தம் 810. பில் 5,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வந்து நிற்கும். ஆக, காரால் கூடியது 3,700, 3,800 ரூபாய் அளவில். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் சொச்சம். 500 யூனிட்டைத் தாண்டும்போது கீழ்ப் படிகளில் கிடைத்த சலுகையும் குறைந்துவிடுவதால், அந்த ஒரு யூனிட்டில் மட்டும் பில் 200 ரூபாய்க்கு மேல் குதிக்கும்.

பயப்பட ஒன்றும் இல்லை. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் அதே 2,400 கிலோமீட்டருக்கு 160 லிட்டர் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்றால் 16,000. ஆனாலும் பில் இப்படி ஏறும் என்று முன்பே தெரிந்திருந்தால் முதல் பில்லைப் பார்த்து வீட்டில் சண்டை வராது.

சொந்த மாடி இருப்பவர்களுக்கு சோலார் இந்த இடத்தில்தான் பொருத்தமாக வந்து சேர்கிறது. 3 கிலோவாட் பேனல் நாளொன்றுக்கு சராசரியாக 12 யூனிட் தரும். விலை உயர்ந்த மேல்படி யூனிட்டுகளைத்தான் அது முதலில் குறைக்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. கார் வாங்கும் யோசனை இருந்தால் அதையும் கணக்கில் வைத்து பேனலின் அளவை முடிவு செய்யுங்கள்.

எந்த சார்ஜராக இருந்தாலும் மாலை 6 மணிக்கு வந்தவுடன் போடாமல், 11 மணிக்கு மேல் தொடங்கும்படி காரிலேயே நேரம் வைத்துவிடுவது நல்லது. மாலையில் தெரு முழுக்க ஏசியும் விளக்கும் ஓடி வோல்டேஜ் இறங்கும். 190 வோல்ட்டுக்கு இறங்கினால் 7.2 பெட்டியும் 6 கிலோவாட்தான் கொடுக்கும். இன்னும் இறங்கினால் நின்றே விடும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில்

இங்கே பிரச்சினை மின்சாரத்தைவிட மனிதர்கள். மீட்டர் போர்டு ஒரு மூலையில், உங்கள் பார்க்கிங் இன்னொரு மூலையில். நடுவில் பொதுச் சுவர். உங்கள் சொந்த மீட்டரிலிருந்தே கேபிள் இழுத்து, உங்கள் பார்க்கிங்கில் பாயின்ட் வைப்பதுதான் சண்டையில்லாத வழி. யார் எவ்வளவு எடுத்தார்கள் என்ற கேள்வியே எழாது. பொது மீட்டரிலிருந்து எடுத்து சங்கத்துக்குப் பணம் கட்டும் ஏற்பாடு, நான்கு கார்கள் வந்ததும் சிக்கலாகிவிடும்.

இருக்கும் மின் இணைப்பைக் கொண்டே வீட்டில் காரை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2024 செப்டம்பர் வழிகாட்டு நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. சங்கத்தில் பேசப் போகும்போது அந்த ஆவணத்தை அச்செடுத்துக்கொண்டு போங்கள். கூடவே, கேபிள் எந்த வழியாகப் போகும், எந்த எம்சிபி, ஆர்சிசிபி போடப்போகிறோம், வேலை செய்பவர் உரிமம் பெற்றவரா என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். பெரும்பாலானவர்களின் பயம் தீ பற்றித்தான். அந்தப் பயம் நியாயமானது. அதை மதித்துப் பதில் சொன்னால் கேட்பார்கள். முடிந்தால் எல்லாப் பார்க்கிங்குக்கும் சேர்த்து ஒரே தடவையில் கேபிள் ட்ரே போட்டுவிடுவது எல்லோருக்கும் மலிவு.

வாடகை வீடென்றால் வால்பாக்ஸில் பணம் போட வேண்டாம். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, எர்த்தோடு ஒரு நல்ல 16 ஆம்பியர் பாயின்ட் போட்டுக்கொள்ளுங்கள். போர்ட்டபிள் சார்ஜர் காரோடு அடுத்த வீட்டுக்கு வந்துவிடும்.

எந்த உயரத்தில், எந்தப் பக்கம்

சென்னையில் இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தரைத்தளப் பார்க்கிங்கில் தண்ணீர் எங்கே வரை வந்தது என்று பழைய குடியிருப்பாளர்களைக் கேளுங்கள். சுவரில் அந்தக் கறை இன்னும் தெரியலாம். பெட்டியும் சாக்கெட்டும் அதற்கு மேலே இருக்கட்டும். நெஞ்சு உயரத்தில் வைத்தால் கைக்கும் வசதி. டிபியில் காருக்கான எம்சிபியை முதல் மாடியிலோ, தண்ணீர் எட்டாத இடத்திலோ வைத்தால் வெள்ளம் வரும்போது கீழே இறங்காமலேயே அணைத்துவிடலாம்.

பெட்டி ஐபி 65 தரம் என்றால் தூசியும் மழைச் சாரலும் உள்ளே போகாது. அதற்காக நேர் வெயிலில் மாட்ட வேண்டாம். மேற்குச் சுவரில் மதிய வெயில் அடித்தால் பெட்டி சூடேறி வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். மேலே ஒரு சின்ன தகரக் கூரை போதும்.

காரின் சார்ஜ் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஆணி அடிக்க வேண்டும். சிலவற்றில் முன்னால், சிலவற்றில் பின்பக்கக் கதவுக்கு அருகில். கேபிள் ஐந்து மீட்டர் சொச்சம்தான் இருக்கும். காரைச் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டு இருக்கும்படி அமைந்துவிட்டால் தினமும் எரிச்சல்.

வேலையை எப்போது தொடங்குவது என்றால், கார் புக் செய்த வாரத்திலேயே. முதலில் எர்த்தை அளந்துவிடுங்கள், சரியில்லை என்றால் குழி போடுங்கள். லோடு கூட்டவோ த்ரீ பேஸுக்கு மாறவோ வேண்டியிருந்தால் ஈபியில் அப்போதே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள், அதற்குத்தான் நாளாகும். இப்போதைக்கு 15 ஆம்பியர் பாயின்ட் போதும் என்று முடிவு செய்தவர்களும், சுவரை உடைத்துப் பைப் புதைக்கும்போது அதற்குள் 6 ஸ்கொயர் வயரையே விட்டுவிடலாம். இப்போது அதன் முனையில் 20 ஆம்பியர் எம்சிபியும் 16 ஆம்பியர் சாக்கெட்டும் இருக்கட்டும். இரண்டு வருடம் கழித்து இரண்டாவது கார் வந்தாலோ வேலை தூரமாக மாறிப் போனாலோ, சுவரைத் தொடாமல் பெட்டியையும் எம்சிபி, ஆர்சிசிபியையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.